என்பொருட்டு எழுந்த கண்ணாடி அறை

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன்பின் நெடுங்காலம் குறிப்பிடும்படி எதுவும் நடக்கவில்லை. போன ஆண்டு, அரிசோனாப் பாலைவனத்தின் நட்டநடு வெயிலில், எங்கள் வீட்டின் பின்புறத்தில், மூன்று பக்கமும் கண்ணாடி, கூரையும் கண்ணாடி என்று வெயில் வந்து தங்குவதற்கென்றே தனி அறை ஒன்று கட்டப்பட்டது. நாகரிகம் தன் அடுத்த அடியை அன்றுதான் எடுத்து வைத்தது. இந்தச் சாதனை என்பொருட்டு நிகழ்ந்தது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். நான் தெரிவிக்காவிட்டாலும் என் கணவர் ஓரின் தெரிவித்துவிடுவார். “லவோனுக்காகக் கட்டினேன்” என்று தபால்காரரிடம் சொல்லியிருக்கிறார். பல் மருத்துவரிடம், வாயில் கருவிகள் இருக்கும்போதே, சொல்லியிருக்கிறார்.

நாங்கள் மினசோட்டாக்காரர்கள். பாதி வருடம் பனியில் புதைந்து கிடக்கும் ஊர். அங்கே ஓரளவு மானமுள்ள எல்லா வீடுகளுக்கும் பின்னால் ஒரு ‘மூன்று பருவ அறை’ உண்டு. வசந்தம், கோடை, இலையுதிர் காலம் மூன்றிலும் கொசுத்தொல்லை இல்லாமல் அதில் உட்காரலாம். குளிர்காலம் வந்ததும் கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குள் ஒடுங்கிவிட வேண்டும். ஓரின் காகித ஆலையில் கொதிகலன்களைக் கவனித்துக்கொண்டவர். ஓய்வு பெற்றதும், பனியை இனித் தொலைக்காட்சியில் மட்டும் பார்ப்பது என்று முடிவெடுத்து, ஷேடி மேசா என்ற இந்தக் குடியிருப்புக்கு வந்தோம். இங்கே பாதிப்பேர் எங்களைப்போல வடக்கிலிருந்து ஓடி வந்தவர்கள். ‘ஷேடி’ என்று பெயரில் நிழல் இருப்பதால் வேறு நிழல் எதற்கு என்று நிர்வாகம் நினைத்துவிட்டது.

எப்படியோ நிர்வாகத்தின் கண்ணில் படாமல் எங்கள் கொல்லையில் ஒரு பாலோ வெர்தே மரம் பிழைத்திருந்தது. அடிமரத்திலிருந்து நுனிவரை பச்சையாக இருக்கும். இடுப்புயர மதிலைச் சட்டை செய்யாமல் அதன் நிழல் பாதி எங்கள் பக்கமும் பாதி அடுத்த வீட்டு ரமோனா பக்கமும் விழும். எங்கள் பாதியில் என் நாற்காலி. அவள் பாதியில் அவள் நாற்காலி. ரமோனா எஸ்கலாந்தே இதே பாலைவனத்தில் பிறந்தவள். நீதிமன்றத்தில் பிறர் பேசுவதை வார்த்தை தவறாமல் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவள். பணிக்காலம் முழுக்க வாயை மூடியிருந்ததற்கு இப்போது ஈடுகட்டுகிறாள்.

அவள் பேசப்பேச நானும் பேசத் தொடங்கினேன். எனக்குள் இவ்வளவு பேச்சு இருந்தது எனக்கே அந்த நிழலில்தான் தெரிந்தது. தேவாலயத்தில் மற்றவர்கள் பாடும்போது நான் வாயை மட்டும் அசைப்பேன் என்பதை அங்கே சொன்னேன். பிள்ளை பிறக்காததில் எனக்கு வருத்தமில்லை என்பதையும், வருத்தமில்லாததுதான் சில சமயம் உறுத்துகிறது என்பதையும், அங்கேதான் சொன்னேன். ரமோனா அதிர்ச்சி அடையவில்லை. ஐஸ் டீயை உறிஞ்சிக்கொண்டு, “மேல சொல்லு” என்றாள். என்னிடம் அதுவரை யாரும் மேலே சொல்லச் சொன்னதில்லை.

எங்கள் திருமண ஆண்டு நிறைவு நாளன்று ஓரின் என்னை உணவு விடுதிக்கு அழைத்துப் போனார். இறைச்சித் துண்டை வெட்டி முடித்துவிட்டு, கத்தியைக் கீழே வைத்தார்.

“லவோன், பின்னாடி உனக்கு ஒரு மூணு பருவ அறை கட்டித் தரப்போறேன்.”

“வேண்டாம் ஓரின்.”

“அட, கட்டித் தரேன்.”

“நிஜமாவே வேண்டாம். எனக்கு அந்த மரத்தடியே போதும்.”

ஓரின் முகம் மலர்ந்தது. இங்கே எங்கள் ஊர் மரியாதையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். மினசோட்டாவில் ஒருவர் கேக் துண்டை நீட்டினால் முதல் தடவை மறுக்க வேண்டும். இரண்டாம் தடவையும் மறுக்க வேண்டும், வயிற்றைத் தடவிக்கொண்டு. மூன்றாம் தடவை, “இவ்வளவு சொல்றீங்களேன்னு வாங்கிக்கறேன்” என்று வாங்கிக்கொள்ள வேண்டும். நீட்டியவுடன் வாங்கிக்கொள்பவர் சிறையிலிருந்து வந்தவராக இருப்பார், அல்லது நியூயார்க்கிலிருந்து. ஆகவே என் இரண்டு மறுப்புகளும் முறைப்படி பெறப்பட்டு, முறைப்படி ஒதுக்கப்பட்டன. ஓரின் மூன்றாவது முறையாகக் கேட்டார்.

“கட்டிடலாமா?”

நான் நாப்கினை மடித்து வைத்தேன். அவர் கண்ணை நேராகப் பார்த்தேன். “வேண்டாம்” என்றேன்.

ஓரின் கண் கலங்கியது. “மூணாவது தடவையும் மறுத்துட்டியே. எங்கம்மா இப்படித்தான். துணி துவைக்கிற மிஷினை நாலு தடவை மறுத்தாங்க. அது வீட்டுல வந்து எறங்கினப்ப தேம்பித் தேம்பி அழுதாங்க.”

“எதுக்கு அழுதாங்கன்னு கேட்டியா?”

“சந்தோஷத்துல அழுதவங்களைப் போயி யாராச்சும் கேப்பாங்களா?”

எத்தனை ‘வேண்டாம்’ சேர்ந்தால் ஒரு வேண்டாம் ஆகும் என்பதை எங்கள் ஊர் இன்றுவரை வரையறுக்கவில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புலப்பட்டது. இரண்டு மறுத்தால் அடக்கம். மூன்று மறுத்தால் பேரடக்கம். நான்கு மறுத்தால் மிஷின் வந்து இறங்கிவிடுகிறது.

மறுநாள் மதிலருகே ரமோனா விசாரணையைத் தொடங்கினாள்.

“வேண்டாம்னு சொன்னியா, இல்லையா?”

“சொன்னேன். மூணு தடவை.”

“அப்புறம் ஏன் கட்டறான்?”

“அதனாலதான் கட்டறான்.”

ரமோனா சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது. துடைத்துக்கொண்டு, மரத்தை அண்ணாந்து பார்த்தாள். “இத வெட்டாம அங்க ஒண்ணும் கட்ட முடியாது, தெரியுமில்ல?”

“தெரியும்.”

“இது போச்சுன்னா நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், நடுவுல கண்ணாடி. மீன் தொட்டி மாதிரி ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்க வேண்டியதுதான். கமிட்டி சம்மதிக்காம யாரும் எதையும் கட்ட முடியாதில்ல? அங்க போயி எழுந்து நின்னு சொல்லு.”

ஷேடி மேசாவின் ‘தோற்றக் குழு’ பற்றி அறியாதவர்கள் பாக்கியசாலிகள். வீட்டுக் கதவின் நிறம், குப்பைத் தொட்டி நிற்கும் கோணம், கொடிக்கம்பத்தின் உயரம் அனைத்தும் அதன் திருவுளப்படி அமைகின்றன. தலைவர் வெண்டெல் புரோகாப் ஓஹையோவில் காப்பீட்டு அலுவலராக இருந்தவர். எதை எடுத்தாலும் அதில் வரப்போகும் விபத்தை முதலில் பார்ப்பார். ஓரினின் விண்ணப்பம் விசாரணைக்கு வந்த மாலை மண்டபம் நிறைந்திருந்தது. குளிர்சாதனம் நன்றாக வேலை செய்யும் இடம் அதுதான் என்பதால் எல்லாக் கூட்டமும் நிறைந்தே இருக்கும்.

“விண்ணப்பத்துல ‘மூன்று பருவ அறை’ன்னு போட்டிருக்கு” என்று வெண்டெல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். “எந்த மூணு?”

“கோடையைத் தவிர மத்த மூணும்” என்றார் ஓரின்.

“எங்க ஊர்ல குளிர்காலத்தைத் தவிரன்னு சொல்வோம்.”

“அதான் சார், இங்க தலைகீழ்.”

முன்வரிசையிலிருந்து லூசில் ஹேவர்காம்ப் கையை உயர்த்தினாள். குழுவின் செயலாளர் அவள். “இங்க ஏது நாலு பருவம்? வெயில் ஒண்ணு. கொஞ்சம் கம்மி வெயில் ஒண்ணு. ரெண்டுதானே இருக்கு. ரெண்டுல மூணு எப்படிப் போகும்?”

சபை நிமிர்ந்து உட்கார்ந்தது. இது அடிப்படையைத் தொடும் கேள்வி. டிசம்பரில் ஒரு நாள் தாம் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டதாக ஒருவர் சாட்சியம் அளித்தார். அது மருத்துவமனையில் என்று அவர் மனைவி திருத்தினாள். சென்ற நவம்பரில் ஓர் இலை தானாக உதிர்ந்ததைத் தாம் கண்ணால் பார்த்ததாக இன்னொருவர் சொன்னார். விவாதம் நீண்டது. இறுதியில் வாக்கெடுப்பு நடத்தி, ஷேடி மேசாவில் பருவங்கள் நான்கு என்று பெரும்பான்மையால் தீர்மானித்தார்கள். இயற்கை இதற்கு ஒத்துழைக்க வேண்டும் என்றும், நான்காவதாகிய கோடைப் பருவத்தில் மேற்படி அறை ‘புழக்கத்தில் இருத்தலாகாது’ என்றும் சேர்த்துக்கொண்டார்கள்.

அடுத்து மரம். பாலோ வெர்தே ஏப்ரலில் மஞ்சளாகப் பூத்துக் கொட்டும். பூ கண்ணாடிக் கூரையில் விழும். ஆகவே, குடியிருப்பு தோன்றுவதற்கு முன்பிருந்தே அங்கே நின்ற மரம், இன்னும் கட்டப்படாத அறைக்கு ‘இடையூறு’ என்று அறிவிக்கப்பட்டது.

“யாருக்காவது ஆட்சேபணை?” என்றார் வெண்டெல்.

நான் எழுந்தேன். பொது இடத்தில் நான் கடைசியாக எழுந்து நின்றது தேவாலயத்தில், மற்றவர்களோடு சேர்ந்து. “எனக்கு இந்த அறை வேண்டாம்” என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. “மரம்தான் வேணும்.”

யாரோ கைதட்டத் தொடங்கினார்கள். மண்டபம் முழுக்கத் தட்டியது. எங்கள் பக்கத்து மாநிலமான விஸ்கான்சினிலிருந்து வந்திருந்த ஒரு தம்பதி எழுந்து நின்றே தட்டினார்கள்.

“இந்தக் காலத்துல இப்படி ஒரு மனைவியா” என்று லூசில் மூக்கை உறிஞ்சினாள்.

“கூட்டத்துக்கு முன்னாடி வந்து, நாலாவது தடவையா மறுக்கிறாங்க” என்று ஓரின் பக்கத்திலிருந்தவரிடம் குரல் தழுதழுக்கச் சொன்னார்.

பின்வரிசையில் ரமோனா எழுந்தாள். “வெண்டெல், அவ வேண்டாம்னு சொல்றா. சரியாக் கேளுங்க. வேண்டாம்னு.”

“ரமோனா, நீங்க இந்த ஊர்க்காரங்க” என்றார் வெண்டெல், மிகுந்த கனிவோடு. “எங்க பக்கத்துப் பண்பாடு உங்களுக்குப் புரியாது.”

தீர்மானம், ரமோனாவைக் கணக்கில் சேர்க்காமல், ஏகமனதாக நிறைவேறியது. என் வாக்கையும் ஆதரவில்தான் சேர்த்தார்கள்.

அறை விற்கும் நிறுவனத்திலிருந்து பிராண்ட்லி என்ற இளைஞர் வந்தார். பற்கள் அனைத்தும் தெரியச் சிரிக்கக்கூடியவர். “வெளியில இருக்கிற மாதிரியே இருக்கும் மேடம். ஆனா வெளியில இருக்க மாட்டீங்க” என்று எனக்கு உறுதியளித்தார். மரத்தை வெட்ட ஆள் வந்த அன்று நான் கடைக்குப் போய்விட்டேன். தேவையில்லாத சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தேன். திரும்பி வந்தபோது கொல்லை, முகம் மழித்த மனிதனைப்போல இருந்தது. ரமோனா தன் நாற்காலியை மதிலோரத்திலிருந்து எடுத்துக்கொண்டு போய், தன் வீட்டுத் தாழ்வாரத்தில் போட்டிருந்தாள்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். ஜனவரியில் அறை அழகாக இருந்தது. காலையில் காபியோடு உட்கார்ந்தால் மலை ஊதாவாகி, பிறகு ஆரஞ்சாகி, பிறகு ஒன்றுமில்லாமல் ஆகும். எனக்கு அது பிடித்திருந்தது. பிடித்துப்போனதில் என் மேலேயே ஆத்திரமாக வந்தது. நான்கு முறை மறுத்தவளின் மனது ஐந்தாவதாக இளகினால், அந்த நான்கும் மரியாதைக்குச் சொன்னவை என்றுதானே ஆகும்? எதிரே ஓரின் உட்கார்ந்து கொதிகலன் அழுத்தத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். கண்ணாடிக்கு அப்பால் ரமோனா கையசைப்பாள். நானும் அசைப்பேன். அவள் எதையோ சொல்லிச் சிரிப்பாள். எனக்குக் கேட்காது. கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு தொலைபேசியில் பேசினோம். ஆனால் கணவர் எதிரே இருக்கும்போது, தேவாலயத்தில் வாயசைப்பதைப் பற்றித் தொலைபேசியில் என்ன பேச முடியும்? வானிலையைப் பற்றிப் பேசினோம்.

மே மாதம் வானிலையே நேரில் வந்தது.

முதலில் மெழுகுவத்திகள் பணிந்தன. மேசைமேல் அலங்காரத்துக்கு வைத்திருந்தவை ஒருநாள் மதியம் இடுப்பில் வளைந்து ஓரினுக்கு வணக்கம் சொல்லின. அடுத்து, சோபாவின் பசை விட்டது. ஓரின் அங்கே வைத்திருந்த தெர்மாமீட்டர் அதன் கடைசி எண்ணைத் தாண்டி, மேற்கொண்டு கருத்துச் சொல்ல மறுத்துவிட்டது. ஓரின் மட்டும் தினமும் உள்ளே போய் உட்கார்ந்தார். கோடையில் புழங்கலாகாது என்ற தீர்மானத்தைப் பற்றி யாராவது நினைவூட்டினால், இன்னும் வசந்தம் முடியவில்லை என்பார். சட்டை முதுகில் ஒட்டியிருக்கும். முகம் வேகவைத்த பீட்ரூட் நிறத்தில் இருக்கும்.

“ரொம்ப வேர்க்குதே ஓரின்” என்பேன்.

“வறண்ட சூடுதான். ஒண்ணும் பண்ணாது” என்பார். அரிசோனாவுக்கு வந்தவர்கள் அனைவரும் முதலில் கற்றுக்கொள்ளும் வாக்கியம் இது. மயங்கி விழுந்தவர்கள் கண் திறந்ததும் இதைத்தான் சொல்கிறார்கள்.

பிறகு கண்ணாடிக்குத் திரை வந்தது. திரை வெளுத்ததும் உள்பக்கம் வெள்ளித்தாள் ஒட்டப்பட்டது. வெள்ளித்தாள் ஒட்டியதும் இருட்டாகிவிட்டதால், விளக்கு ஒன்று வாங்கி வைத்தோம். பட்டப்பகலில், சூரிய அறையில், விளக்கைப் போட்டுக்கொண்டு என் கணவர் செய்தித்தாள் படித்த காட்சியை வருங்காலத் தலைமுறைக்காக நான் மனதில் பாதுகாத்து வைத்திருக்கிறேன். வெள்ளித்தாள் எதிர்வீட்டார் கண்ணைக் கூசச் செய்வதாகத் தோற்றக் குழு அதை அகற்றச் சொன்னது. குளிர்சாதனம் வைக்க அனுமதி கேட்டதற்கு, வைத்தால் அது நான்கு பருவ அறை ஆகிவிடும், மூன்றுக்குத்தான் ஒப்புதல் என்று வெண்டெல் வருத்தத்துடன் தெரிவித்தார்.

ஜூலையில் ஓரின் மறுபடி பிராண்ட்லியை வரவழைத்தார். இளைஞர் அறைக்குள் ஒரு காலை வைத்துப் பார்த்து, உடனே எடுத்துக்கொண்டார். வெளியே சுற்றி வந்து, மேற்குப் பக்கம் நின்று, தாடையைத் தடவினார்.

“சார், இதுக்கு ஒரே வழிதான். இதோ இந்த எடத்துல ஒரு மரம் வைக்கணும். பாலோ வெர்தே பிரமாதமா இருக்கும். பத்துப் பதினஞ்சு வருஷத்துல நல்ல நிழல் குடுத்துடும்.”

அவர் நின்றுகொண்டிருந்தது வெட்டிய மரத்தின் அடிக்கட்டைமேல்.

தன் தாழ்வாரத்திலிருந்து ரமோனா இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். ஓரினும் என் பக்கம் திரும்பினார்.

“லவோன், உனக்காக இங்க ஒரு மரம் வைக்கட்டுமா?”

“வேணும்” என்றேன்.

ஓரின் வாய் திறந்தபடி நின்றார். எங்கள் இல்லற வரலாற்றில் முதல் தடவையே நான் ஒன்றை ஏற்றுக்கொண்டது அதுதான்.

“என்ன சொன்ன?”

“வேணும்னு சொன்னேன். மரம் வேணும். இன்னைக்கே வேணும். இந்த அறை வேண்டாம்.”

“லவோன்.” அவர் குரல் இறங்கியது. “உடம்பு சரியில்லையா?”

எனக்குத் தலை லேசாகச் சுற்றியது. வெயிலாலும் இருக்கலாம். சொல்வது இவ்வளவு சுலபமா என்ற திகைப்பாலும் இருக்கலாம். நிறுத்த முடியவில்லை. “மதில் பக்கத்துல நான் பேசிட்டிருந்த எடம் வேணும். காலையில கொஞ்ச நேரம் நீ இல்லாம இருக்கணும். உங்க அம்மா எதுக்கு அழுதாங்கன்னு எனக்குத் தெரியும். தேவாலயத்துல நான் பாடறதே இல்ல, வாயைத்தான் அசைக்கிறேன்” என்றேன்.

ஓரின் மெல்ல நடந்து போய் லூசிலுக்குத் தொலைபேசி செய்தார். சற்று நேரத்தில் ஷேடி மேசா முழுக்கச் செய்தி பரவியது: லவோன் டாலஃப்சன் கேட்டவுடன் சரி என்று சொல்லிவிட்டாள். மாலைக்குள் எங்கள் வீட்டுக்கு ஏழெட்டு ஹாட் டிஷ் வந்து சேர்ந்தன. அரைத்த கறியும் பயறும் காளான் சூப்பும் போட்டு, மேலே உருளைக்கிழங்கு அடுக்கி வேகவைக்கும் அந்தப் பதார்த்தத்தை எங்கள் ஊரில் சாவுக்குத்தான் இத்தனை பேர் கொண்டுவருவார்கள். வெண்டெல் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓரின் தோளில் கை வைத்தார். லூசில் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிராண்ட்லி முன்பே விடைபெறக் கிளம்பினார். ஆனால் எங்கள் ஆட்களிடம் வாசலில் விடைபெற ஆரம்பித்தால் முடிவதற்குள் இரவு உணவு வந்துவிடும் என்பதால் அவர் கையிலும் ஒரு தட்டு இருந்தது. நான் ரமோனாவின் தாழ்வாரத்தில், அவள் பக்கத்தில், என் நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தட்டை நீட்டினார்கள். நீட்டியவுடன் வாங்கிக்கொண்டேன்.

ஓரின் மதிலருகே வந்து நின்றார். முகத்தில் உண்மையான வலி இருந்தது. அதை நான் மறுக்க மாட்டேன்.

“வேண்டாம்னா வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, லவோன். நான் கேட்டிருப்பேனே.”

ரமோனா கையிலிருந்த டீ கொட்டியது. அவள் எதையோ சொல்ல வாயெடுத்தாள். நான் அவள் முழங்கையைப் பிடித்து அழுத்தினேன்.

பிராண்ட்லிக்குச் சங்கடமாகிவிட்டது. தம் நிறுவனத்தின்மேல் பழி விழுகிறதோ என்று நினைத்தார் போலும். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“சார், சூடு விஷயத்துல குறை இருக்கலாம், ஒத்துக்கறேன். ஆனா எங்க கண்ணாடியில ஒரு விசேஷம் இருக்கு. பக்கத்துல நின்னு யாரு என்ன கத்தினாலும் உள்ள உட்கார்ந்திருக்கிறவருக்கு ஒரு வார்த்தைகூட காதுல விழாது. இப்படி ஒரு வசதியை வேற எந்தக் கம்பெனியும் உங்களுக்குத் தர முடியாது.”

உழைத்துப் பிழைக்கும் பிள்ளை, மனம் நோகக்கூடாது என்று நான் அப்போது எதுவும் சொல்லவில்லை. நிறுவனத்தின் பெருமையைக் குறைக்கும் எண்ணமும் எனக்கில்லை. உண்மையை மட்டும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்: அந்த வசதி எங்கள் வீட்டில் கல்யாணமான நாள் முதலே இருக்கிறது. அதற்குக் கண்ணாடி எதுவும் தேவைப்படவில்லை.